நாவறட்சியும் நல்வாழ்வும்

மன்னார் மாவட்டத்தின் பெருநிலப் பகுதியில் அமைந்துள்ள நானாட்டான், நெல்வளத்தாற் பெயர்பெற்ற ஊர். கட்டுக்கரைக் குளமும் அருவியாறும் அப்பகுதியின் வயல்களுக்கு நீரூட்டுகின்றன. ஆயினும், அஃது இலங்கையின் உலர்வலயத்துள்ளும் மழை குறைந்த பாகத்தைச் சேர்ந்தது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1000 மில்லிமீற்றர் மழையே அங்குப் பெய்யும். அதிற் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள மாரிகாலத்திலேயே வீழ்ந்துவிடும். எஞ்சிய மாதங்களிலே வெயிலும் காற்றும் நிலத்தை உலர்த்துவது போலவே மாந்தர் நாவையும் உலர்த்துகின்றன. இத்தகைய நாட்டிலே வயது முதிர்ந்த ஒருவர் 'வாய் காய்கிறது' என்று முறையிடின், 'வெயில் அப்படி' என்று கூறி ஒரு செம்பு தண்ணீர் கொடுப்பதே வீட்டார் வழக்கம். அத்துடன் அப்பேச்சு முடிந்துவிடுகின்றது.

அஃது அவ்வாறு முடிந்துவிட வேண்டிய பேச்சன்று என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தாகம் வேறு, நாவறட்சி வேறு. உடல் முழுவதற்கும் நீர் வேண்டும் என்று மூளை உணர்த்துவது தாகம். வாயிலே உமிழ்நீர் குன்றுவதனால், அல்லது குன்றியது போன்ற உணர்வினால், உண்டாகும் நிலை நாவறட்சி. இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்வதும் உண்டு. தனித்தனியே நிகழ்வதும் உண்டு. நீர் பருகியதும் தாகம் தணிந்துவிடும். உமிழ்நீர்ச் சுரப்புக் குன்றியவரோ எவ்வளவு நீர் பருகினாலும், சிறிது நேரத்தில் மீண்டும் நா உலர்ந்து வருந்துவர். இவ்வேறுபாட்டை அறியாது வெயிலின்மேற் பழிசுமத்துவதனால், உள்ளே வளரும் நோய்கள் சில, காலங்கடந்த பின்னரே வெளிப்படுகின்றன.

உமிழ்நீரின் இயல்பு

நமது வாயில் மூன்று சோடிப் பெருஞ்சுரப்பிகள் உமிழ்நீரைச் சொரிகின்றன. காதின் முன்புறத்தே கன்னத்தில் ஒரு சோடியும், கீழ்த்தாடையின் உட்புறத்தே ஒரு சோடியும், நாவின் கீழே ஒரு சோடியும் அமைந்துள்ளன. இவையன்றி, உதட்டிலும் கன்னத்தின் உட்பக்கத்திலும் அண்ணத்திலும் நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகளும் உள. கீழ்த்தாடைச் சுரப்பியின் கானை இங்கிலாந்தைச் சேர்ந்த தோமசு உவாட்டன் 1656 இலும், கன்னச் சுரப்பியின் கானை தென்மார்க்கைச் சேர்ந்த நீல்சு சிடென்சன் 1660 இலும் கண்டறிந்தனர். இன்றும் அக்கான்கள் அவ்விருவர் பெயராலேயே வழங்குகின்றன.

நாளொன்றுக்கு அரை லீற்றர் முதல் ஒன்றரை லீற்றர் வரை உமிழ்நீர் சுரக்கின்றது. அதில் 99 வீதத்துக்கு மேற்பட்டது நீரே. ஆயினும், எஞ்சிய சிறு பங்கே அதற்கு ஆற்றலைத் தருவது. மாப்பொருளைச் சிதைத்துச் சீரணத்தைத் தொடக்கிவைக்கும் நொதியம், கிருமிகளை அழிக்கும் புரதங்கள், அமிலத்தைத் தணிக்கும் இருகாபனேற்று, பல்லின் மேற்பரப்பைச் செப்பனிடும் கல்சியம், பொசுபேற்று என்பன யாவும் அதனுள் அடங்கும். சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்புத் தோன்றுவது அந்நொதியத்தின் செயலாலேயே. ஒரு பண்டத்தின் சுவைப்பொருள் உமிழ்நீரிற் கரைந்த பின்னரே நாவின் சுவையரும்புகளை அடையும். ஆதலின், உமிழ்நீர் இல்லையேல் அறுசுவையும் இல்லை. பேசும்போது நா புரள்வதற்கும், விழுங்கும்போது கவளம் வழுக்கிச் செல்வதற்கும் அதுவே துணை.

உமிழ்நீரை ஆளும் நரம்புகள்

புளியங்காய் என்ற சொல்லைக் கேட்ட அளவிலேயே நமக்கு வாயூறுகின்றது. வாய்க்குள் ஒன்றும் புகாதிருக்கவும் சுரப்பிகள் தொழிற்படுவது எவ்வாறு? அவை நரம்புகளின் ஆட்சிக்கு உட்பட்டவை என்பதே இதற்கு விடை. சீரணம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904 இல் நொபெல் பரிசு பெற்ற உருசிய அறிஞர் இவான் பவுலோவ், நாய்களைக் கொண்டு இதனை விரிவாக ஆராய்ந்தார். நாயின் வாயிற் கூழாங்கற்களை இட்டால் உமிழ்நீர் அரிதாகவே சுரந்தது. அவை இலகுவில் வெளித்தள்ளத் தக்கவை. மணலை இட்டாலோ மிகுதியாகச் சுரந்தது. அதனைக் கழுவித்தான் வெளியேற்ற வேண்டும். உடலின் தேவையறிந்து சுரப்பிகளை ஏவும் நரம்பின் நுட்பம் இதனால் விளங்கும்.

அமைதியான வேளைகளில் மேலோங்கும் பரபரிவு நரம்புகள் நீர்த்தன்மை மிக்க உமிழ்நீரைப் பெருகச் செய்கின்றன. அச்சமும் பதற்றமும் மேலிடும்போது பரிவு நரம்புகள் தலையெடுக்க, வாய் உலர்ந்து, உமிழ்நீர் தடித்து அருகுகின்றது. மேடையேறிய மாணவனின் நா மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்வது இதனாலேயே. பழைய வடமொழி நீதிநூல்கள் கூறும் தெய்வப் பரீட்சைகளுள் அரிசியை மெல்லுவித்தலும் ஒன்று. ஐயுறப்பட்டவன் அரிசியை மென்று உமிழ்தல் வேண்டும். உமிழ்ந்ததைக் கண்டு தீர்ப்பளிப்பர். அஞ்சிய வாயில் அரிசி நனையாது என்பது உண்மையே. ஆனால், குற்றமற்றவனும் தண்டனைக்கு அஞ்சுவான் என்பதை அம்முறை கருதவில்லை.

நம் வயல்வரம்புகளிலும் வேலியோரங்களிலும் வளரும் ஊமத்தையும் இதற்கொரு சான்று. அதிலுள்ள அற்றோப்பீன் முதலிய நஞ்சுகள் பரபரிவு நரம்பின் ஏவலைத் தடுத்துவிடுவதனால், அதனை உண்டவருக்கு வாய் முற்றாக வறண்டு, கண்மணி விரிந்து, அறிவு மயங்குகின்றது. இதற்கு மாறாக, வயலுக்குத் தெளிக்கும் சேதனப் பொசுபரசு நஞ்சுகள் அதே நரம்புகளை அளவுகடந்து தூண்டி, வாயில் நீரொழுகச் செய்கின்றன. அந்நஞ்சுண்டவரைக் காப்பதற்கு வைத்தியசாலைகளில் ஏற்றப்படும் மருந்து அற்றோப்பீனே. ஒரே நரம்பின் அடக்கமும் எழுச்சியும் இவ்விரண்டு நஞ்சுகளிலும் காணப்படுகின்றன.

நாவறட்சியின் காரணங்கள்

இனி, நாவறட்சி தோன்றுவதற்குரிய காரணங்களை ஆராய்வாம்.

முதலாவது, உடலில் நீர் குன்றுதல். வெயிலில் அரிவு வெட்டும் ஒருவரின் உடலிலிருந்து ஒரு மணிநேரத்தில் ஒரு லீற்றர் அளவு நீர் வியர்வையாகக் கழிதல் கூடும். வயிற்றோட்டம், வாந்தி, காய்ச்சல் ஆகியனவும் நீரைக் குறைக்கும். அவ்வேளை உடல், உள்ள நீரைக் காத்துக்கொள்வதற்காக உமிழ்நீரைச் சுருக்குகின்றது. வெயிலைக் காரணங் கூறுதல் பொருந்துவது இவ்வொரு வகைக்கே. நீரும், உப்பிட்ட கஞ்சியும், மோரும் பருகி நிழலில் ஆறியிருப்பின் இது நீங்கும். நீங்காதாயின் வேறு காரணம் உண்டென்று கொள்ளுதல் வேண்டும்.

இரண்டாவது, நீரிழிவு. குருதியிற் சருக்கரை மிகும்போது அது சிறுநீருடன் கழிகின்றது. கழியும்போது நீரையும் இழுத்துச் செல்கின்றது. அதனால் அடிக்கடி சிறுநீர் கழிதலும், அடங்காத் தாகமும், நாவறட்சியும் ஒருங்கே தோன்றும். தம் நோயை அறியாத நீரிழிவாளர் பலர், கோடையில் தமக்கு நேரும் இவ்வறட்சியை வெயிலின் விளைவென்றே எண்ணியிருப்பர். இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீருக்காக எழுபவர், வாய் காய்கிறது என்றும் கூறுவாராயின், அவருக்கு முதலிற் செய்யவேண்டியது குருதிச் சருக்கரைப் பரிசோதனையே.

மூன்றாவது, மருந்துகள். முதியோரின் நாவறட்சிக்கு மிகுதியும் காரணமாவன இவையே. தடிமனுக்கும் சொறிக்கும் வழங்கும் குளோர்பெனிரமீன், மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் வழங்கும் அமிற்றிரிப்ரிலின், மனநோய் மருந்துகள் சில, சிறுநீர்ப்பையின் பதற்றத்தைத் தணிக்கும் மருந்துகள் என்பன, ஊமத்தை நஞ்சைப் போலவே, ஆனால் மிக மென்மையாக, உமிழ்நீர் நரம்பின் ஏவலைத் தடுக்கின்றன. குருதியமுக்கத்துக்காகக் கொடுக்கும் சிறுநீர்ப்பெருக்கி மருந்துகளும் நாவை உலர்த்துவதுண்டு. ஒரு மருந்தினால் நேராத வறட்சி, மூன்று நான்கு மருந்துகளை ஒருங்கே உட்கொள்ளும்போது நேரும்.

நான்காவது, சுரப்பிகளே பழுதுறுதல். சுவீடன் நாட்டுக் கண்வைத்தியர் என்றிக் சோகிரென் 1933 இல் வெளியிட்ட ஆய்விலே, கண் வறண்ட 19 பெண்களின் நிலையை விவரித்தார். அவர்களுள் 13 பேருக்கு மூட்டுவாதமும் இருந்தது. உடலின் காப்புப்படையே தன் சொந்தச் சுரப்பிகளை எதிர்த்துத் தாக்கும் இந்நோய் இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றது. நடுவயதுப் பெண்களையே இது பெரிதும் பற்றும். வாயும் கண்ணும் ஒருங்கே வறண்டு, மூட்டும் நோவெடுப்பின் இதனை ஐயுறுதல் வேண்டும். தலை, கழுத்துப் புற்றுநோய்களுக்குக் கதிர்ச் சிகிச்சை பெற்றோருக்கும் சுரப்பிகள் கருகி நெடுங்கால வறட்சி உண்டாகும். மகரகமைக்கோ தெல்லிப்பழைக்கோ சென்று புற்றுநோய்ச் சிகிச்சை பெற்று மீள்பவர் வீட்டில் உள்ளோர் இதனை அறிந்திருத்தல் நன்று.

இவையேயன்றி, மூக்கடைப்பினால் வாய்வழி மூச்சுவிடுதல், புகைத்தல், மது என்பனவும் வறட்சியை மிகுவிக்கும்.

'வயது போனால் அப்படித்தான்' என்ற கூற்றையும் இங்கு ஆராய்தல் தகும். நலமுள்ள முதியவரின் சுரப்பு இளைஞரதிலும் ஓரளவு குறைந்திருப்பினும், வாய் வறண்டு வருந்தும் அளவுக்கு முதுமை மட்டும் காரணமாவது அரிது. முதுமையிற் சேரும் நோய்களும் அவற்றுக்குரிய மருந்துகளுமே வாயைப் பெரிதும் உலர்த்துகின்றன. முதுமையைத் தீர்க்க மருந்தில்லை. ஆனால், மருந்தின் வேளையையோ அளவையோ வகையையோ மாற்ற வைத்தியருக்கு முடியும். ஆகவே, முதுமையின்மேற் பழிசுமத்துவோர், தீரக்கூடிய துன்பத்தைத் தீராததென்று கைவிடுகின்றனர்.

வறட்சி விளைக்கும் கேடு

வாய் உலர்வதனால் உயிர் போய்விடுமோ என்று வினவலாம். உடனே போகாது, ஆனால் உடல்நலம் பல வழிகளிற் குலையும். நாம் உண்ணும் இனிப்பையும் மாப்பொருளையும் வாயிலுள்ள கிருமிகள் அமிலமாக மாற்றுகின்றன. அமிலத்தின் கடுமையைக் காட்டும் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5 இற்குக் கீழே செல்லும்போது பல்லின் மிளிரி கரையத் தொடங்கும். உமிழ்நீர் அவ்வமிலத்தைக் கழுவித் தணித்து, கரைந்த உப்புகளை மீண்டும் பல்லிற் சேர்க்கின்றது. அது குன்றின், முரசை ஒட்டிய இடங்களில் விரைவாகச் சூத்தை பிடிக்கும்; சில மாதங்களிற் பல பற்கள் பழுதாதலும் உண்டு. நாவில் வெண்படலமாகப் பூஞ்சணம் படரும், வாய் நாறும், கட்டுப்பல் நிலைகொள்ளாது, உதட்டோரம் வெடிக்கும். உலர்ந்த உணவை விழுங்கமுடியாத முதியவர் படிப்படியாக உணவைக் குறைத்து மெலிவர். பலர் முன்னிலையிற் பேசவும் உண்ணவும் கூசி, பந்தியையும் கூட்டத்தையும் தவிர்ப்பர். வீட்டார் அதனை வீம்பென்று கருதுதலும் உண்டு.

பயன்போல் தோன்றிப் பழுது செய்வன

நாவறட்சியுடையோர் இயல்பாக நாடும் பரிகாரங்கள் மூன்று. அவை மூன்றும் தீங்கானவை என்பதே இதிற் கவலைக்குரியது.

ஒன்று, இனிப்பு மிட்டாயை வாயில் அடக்கிக்கொள்ளுதல். அதனாற் சிறிது நீர் ஊறும் என்பது மெய்யே. ஆயின், கழுவுதற்கு உமிழ்நீர் இல்லாத வாயில் இனிப்பு நெடுநேரம் தங்கிப் பல்லை அரிக்கும்.

மற்றொன்று, பனங்கட்டியையோ சீனியையோ கடித்துக்கொண்டு அடிக்கடி தேநீர் அருந்துதல். நாளில் ஒருமுறை இருமுறையாயின் தீங்கு சிறிது. நாழிகைக்கொரு முறையாயின், பற்கள் அமிலத்திலிருந்து மீளுதற்குப் பொழுதே கிடையாது. நீரிழிவாளர்க்கு அஃது இரட்டைத் தீங்காகும்.

மூன்றாவது, தாம்பூலம். வெற்றிலை போட்டால் வாயூறும் என்று முதியோர் கூறுவது வெறும் பழக்கத்தினால் அன்று. பாக்கிலுள்ள அரிக்கோலின் என்னும் பொருள், உமிழ்நீர் நரம்பு தூண்டும் அதே இடங்களைத் தூண்டுகின்றது. பிரேசில் நாட்டுச் சபொராண்டி என்னும் செடியிலிருந்து 1875 இற் பிரித்தெடுக்கப்பட்டதும், இன்று வைத்தியர்கள் நாவறட்சிக்குக் கொடுப்பதுமான பைலோகாப்பீன் மருந்தின் செயலும் இவ்வகைப்பட்டதே. ஆயினும், இரண்டையும் ஒன்றெனக் கருதுதல் கூடாது. புகையிலை சேராத தாம்பூலமும், பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பன என்று புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச நிலையம் 2004 இல் வெளியிட்ட நூலிற் காட்டியுள்ளது. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களின் முன்வரிசையில் வாய்ப்புற்று நிற்கின்றது. பாக்கினாற் கன்னத்தின் உட்புறம் நாராக இறுகி, வாய் திறக்கவியலாத நோயும் உண்டாகும். வறட்சியைத் தீர்க்கத் தாம்பூலத்தை நாடி, அதனாற் புற்றுற்று, அதற்குக் கதிர்ச் சிகிச்சை பெற்று, முன்னையினும் பன்மடங்கு வறட்சியை அடைவது எத்துணைக் கொடுமை!

தாமே அறிந்துகொள்ளும் வழி

கீழ்வரும் வினாக்களுக்கு விடை காண்க. உலர்ந்த பாணையோ பிசுக்கோத்தையோ நீரின்றி விழுங்க முடிகின்றதா? இரவில் நீர் குடிப்பதற்காக விழிக்க நேரிடுகின்றதா? பேச்சின் நடுவே நா ஒட்டுகின்றதா? சிறு கரண்டியின் பின்புறத்தைக் கன்னத்தின் உட்பக்கத்தில் வைத்தெடுத்தால் அஃது ஒட்டுகின்றதா?

இன்னும் திட்டமாக அறிய விரும்பும் மாணவர், உண்டு ஒரு மணிநேரங் கழிந்தபின் அமைதியாக இருந்து, வாயில் ஊறும் நீரை விழுங்காது 5 நிமிடம் ஓர் அளவுக் குவளையிற் சேர்க்கலாம். பெரும்பாலோருக்கு ஒன்றரை முதல் இரண்டு மில்லிலீற்றர் வரை சேரும். அரை மில்லிலீற்றரிலும் குறைவாயின் சுரப்புக் குன்றியது என்பர் மருத்துவர்.

செய்யத் தக்கவை

வறட்சி இரண்டு மூன்று வாரம் நீடிப்பின், வைத்தியரிடம் செல்க. செல்லும்போது உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும், கடையில் வாங்கியன உட்பட, ஒரு பையில் இட்டு எடுத்துச் செல்க. இஃது எளிய செயலாயினும், காரணத்தைக் கண்டறிவதற்கு இதனினும் சிறந்த வழி அரிது. எக்காரணத்தாலும் எந்த மருந்தையும் தாமே நிறுத்திவிடுதல் ஆகாது. நாவறட்சிக்கு அஞ்சிக் குருதியமுக்க மருந்தை விட்டவர் அதனினும் பெருந்தீங்கை அடைவர்.

நீரை ஒரே முறையிற் பெருமளவாகக் குடியாது, சிறு மிடறுகளாக அடிக்கடி பருகுதல் நன்று. சிறுநீரக நோயாளரும் இருதய நோயாளரும் வைத்தியர் விதித்த அளவைக் கடவாது, வாயை நனைத்துக் கொப்பளித்தல் போதும். உணவைச் சொதியோ இரசமோ விட்டு நெகிழப் பிசைந்து உண்ணுதல், கஞ்சியும் கூழும் சேர்த்துக்கொள்ளுதல் என்பன விழுங்குதலை இலகுவாக்கும். நன்கு மெல்லுதல் சுரப்பிகளைத் தூண்டும். சீனி சேராத மெல்லுபசையும் அவ்வாறே. தேசிக்காயை ஓயாது சுவைத்தல் வேண்டா. அதன் அமிலம் பல்லைக் கரைக்கும். புளோரைட்டு உள்ள பற்பசையினாற் காலையிலும், உறங்கச் செல்லுமுன்னும் பல் துலக்குதல் இன்றியமையாதது. உறக்கத்தில் உமிழ்நீர் ஏறத்தாழ நின்றுவிடுவதனால், இரவில் வாயில் தங்கும் உணவே பல்லுக்குப் பெரும்பகை. மூச்சிழுப்பு மருந்து பயன்படுத்துவோர் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்தல் வேண்டும். நீரிழிவுடையோர் கந்தசட்டி முதலிய விரதங்களை நீரும் அருந்தாது நோற்க விரும்பின், முன்னரே வைத்தியரைக் கேட்டறிதல் கடன்.

முடிவுரை

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருத்துவத்தைப் பற்றியது. நோய் யாதென்றும் அதன் மூலம் யாதென்றும் தெளிந்த பின்னரே தீர்க்கும் வழியை நாடுதல் வேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. நாவறட்சி தானே ஒரு தனி நோயாக நிற்பது அரிது. வேறொன்றைச் சுட்டும் குறியாகவே அது பெரும்பாலும் வருகின்றது. குறியை நீரால் நனைத்துவிட்டு மூலத்தை மறப்பது நெருப்பை விட்டுப் புகையை விசிறுவது போலாம்.

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருட் பலர் இன்று மருந்துகள் பலவற்றை நாள்தோறும் உட்கொள்ளும் வயதினர். இளைய மாணவரோ, பாட்டனும் பாட்டியும் உள்ள வீடுகளிலிருந்து வருபவர். நானாட்டானிலாயினும் வேறெங்காயினும், வீட்டிலுள்ள முதியவர் ஒருவர் வாய் காய்கிறது என்று கூறும்போது, தண்ணீர் கொடுப்பது அன்பு. கொடுத்தபின், 'எத்தனை நாளாக? இரவிலும் உண்டா? என்னென்ன மருந்து உட்கொள்கிறீர்கள்?' என்று அருகிருந்து வினவுவது அறிவோடு கூடிய அன்பு. அவ்வினாக்கள் சிலவேளை ஒரு பல்லைக் காக்கும். சிலவேளை மறைந்திருந்த நீரிழிவை வெளிப்படுத்தி ஓர் உயிரையே காக்கும்.